சுவிட்ச் டீச்சரும் பக்கத்து வகுப்பு மின்விசிறிகளும்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தபோதும் சுவிட்ச் டீச்சர் சும்மா இருக்கவில்லை. மெல்ல ஒரு விரலை நீட்டினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசியை எடுக்கப் போனார். டீச்சர் இல்லை இல்லை என்று தலையாட்ட, விரல் இன்னும் நீண்டது. உதவியாளர்தான் அது போன திசையைப் பார்த்தார். ஆளில்லாத வெளியறையில் இரண்டு குழல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் போய் அணைத்துவிட்டு வந்த பிறகுதான் டீச்சர் விரலை மடக்கிப் பல்லைக் கொடுத்தார்.

இந்தக் கதையைப் பள்ளிவரை கொண்டுவந்து சேர்த்தது டீச்சரின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சட்டம் மாட்டும்போது வாயும் சேர்ந்து ஓடும். கணக்கு சார் கண்ணாடி மாற்றப் போனவர், கதையோடு திரும்பினார். மறுநாள் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது.

"எல்லாரும் சிரிங்க, பரவால்ல," என்றார் டீச்சர், கன்னம் வீங்கிய பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு. "ஆனா சார், நீங்க இங்க கதை சொல்லிட்டிருக்கீங்க, அங்க உங்க கிளாஸ்ல நாலு ஃபேனும் யாருக்குச் சுத்துது?"

"காத்து வரட்டும்னுதான் டீச்சர். நான் போகும்போது ரூம் ஜில்லுன்னு இருக்கும்ல."

"அந்த ரூமா, ஜில்லுன்னா?"

அந்த ரூம் எப்படிப்பட்டது என்று இருவருக்கும் தெரியும்.

மாடியில் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகள். ஏழாம் வகுப்பு அ பிரிவு டீச்சருடையது, ஆ பிரிவு கணக்கு சாருடையது. இடம் போதாமல் பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகள் என்பதால் தலைக்கு மேலே காங்கிரீட் இல்லை, தகரம். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் அங்கே படிப்பு பேருக்குத்தான். மின்விசிறியை வேகமாக வைத்தால் அனலும் வேகமாக இறங்கும். பிள்ளைகள் டெஸ்க்கில் கன்னத்தை வைப்பார்கள், எடுக்கும்போது கன்னம் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கைவேலைக்கு வாங்கிய மெழுகு வண்ணக்குச்சிகள் டப்பாவுக்குள்ளேயே கூடிக் குலாவி ஒரே கட்டியாகிவிட்டன. "ஏழு கலர்ல ஒரு செங்கல்லு கிடைச்சிருக்கு டீச்சர்," என்று ஒரு பெண் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் கூரைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும் பெயின்ட் ஒன்று இருக்கிறது. டீச்சருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். தலைமையாசிரியையிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கழிப்பறைக் கதவுக்கே காசில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

டீச்சர் இப்போது இல்லை. அவர் இறந்த அன்று வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. இரவு போட்டதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் அழுதுகொண்டே படியேறினாள், அழுதுகொண்டே சுவிட்சைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்து வந்தவன் கண்ணீரில் விளக்கைப் பார்க்கவில்லை, சுவிட்சை மட்டும் பார்த்தான். தட்டினான். விளக்கு மறுபடி எரிந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவள் அணைத்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் ஒன்றாக வந்தார்கள். மதியம்வரை அந்த விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வந்து, "யாராவது ஒரு ஆள் அந்த சுவிட்சுக்குக் காவல் நில்லுங்கப்பா. இன்னும் ரெண்டு தடவை எரிஞ்சா அவ எந்திரிச்சு வந்துருவா," என்றார். அழுதுகொண்டிருந்த வீடு குலுங்கிச் சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடி அழுதது. காவல் நின்றவர் கணக்கு சார்.

அது கிடக்கட்டும். சொல்ல வந்தது கூரைக் கதை.

எரிசக்தி, சுற்றுச்சூழல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களின் வகுப்பறைகளுக்கு நிதி தருவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. டீச்சர் விண்ணப்பித்தார். விண்ணப்பித்ததை யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு சார் ஒருநாள் கரும்பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வகுப்பிலிருந்து டீச்சர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. சாரின் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அவர் போட்டிருந்த பின்னத்தின் தலைமேலேயே ஒரு கூரையை வரைந்தார். கூரைக்கு மேலே ஒரு சூரியன். சூரியனிலிருந்து கிளம்பிய கோடுகள் கூரையில் பட்டு, பந்துபோல எகிறிப் போயின.

"கிடைச்சிருச்சு சார்," என்றார்.

எது, என்ன என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் வகுப்பு மொத்தமும் கைதட்டியது. அந்த முகத்தைப் பார்த்தவர்களால் தட்டாமல் இருக்க முடியாது. சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஆ பிரிவின் இரண்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார் டீச்சர்.

நிதி இரண்டு பங்காக வரும். முதல் பங்கில் வகுப்புக்கென்று தனியாக ஒரு மின்மீட்டரும், சுவரில் மாட்ட வெப்பமானியும் வாங்கலாம். முதல் இரண்டு வாரம் வகுப்பு எப்போதும் போல இருக்க வேண்டும். எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மீட்டர் சொல்லும். பிறகு பிள்ளைகள் யோசித்து, படித்து, செலவைக் குறைக்க வேண்டும். கால்வாசியாவது குறைத்துக் காட்டினால் இரண்டாவது பங்கு வரும். கூரைப் பெயின்ட் அந்த இரண்டாவது பங்கில்தான் இருந்தது. குறையாவிட்டால் அது வரிசையில் நிற்கும் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

மீட்டர் வந்தது. அ பிரிவுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் நீங்க எப்பவும் போலதான் இருக்கணும். ஸ்பெஷலா ஒண்ணும் பண்ணக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. எப்போதும் போலத்தான் இருந்தார்கள். வந்ததும் ஜன்னல்களைத் திறந்தார்கள். வெளிச்சம் போதும் என்று விளக்குகளை விட்டுவிட்டார்கள். நான்கு மின்விசிறிகளில் இரண்டை மட்டும் போட்டு அவற்றின் கீழே டெஸ்க்குகளை நெருக்கிக்கொண்டார்கள். வெளியே போகும்போது கடைசி ஆள் அணைத்தான், அணைத்தானா என்று அவனுக்கு முந்தின ஆள் திரும்பி வந்து பார்த்தாள். ஆண்டு தொடக்கத்திலிருந்து டீச்சர் பழக்கியது இது. அவர்களுக்கு வேறு 'எப்பவும்' கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளை அதிகாரி போன் செய்தார். குரலைக் கேட்டால் சின்னப் பெண். கணக்கு சார் பக்கத்தில் உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கப் பேச்சும் அவர் காதில் விழுந்தது.

"மேடம், உங்க மீட்டர் வேலை செய்யுதான்னு ஒருதடவை பாருங்களேன்."

"நல்லா வேலை செய்யுதும்மா. நாங்கதான் அதுக்கு வேலை குடுக்கல."

"இதுக்குமேல கால்வாசி எப்படி மேடம் குறைப்பீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கணக்கு சாருக்கு ஒரு நொடி முன்னாலேயே உறைத்துவிட்டது, அவர் கணக்கு வாத்தியார் அல்லவா. குறைக்க வேண்டியதையெல்லாம் அந்த அம்மா ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தார். இனி குறைக்க வேண்டுமென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

அதிகாரி நல்ல பெண். இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். மற்ற வகுப்புகள் எப்படி இருக்குமோ அப்படி இன்னும் இரண்டு வாரம் இருந்து காட்டட்டும்; அதை ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் அ பிரிவில் நடந்த பாடத்தைக் கணக்கு சார் வராந்தாவில் நின்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவருடைய இருபது வருட வாத்தியார் வாழ்க்கையில் இப்படி ஒரு பாடத்தைப் பார்த்ததில்லை.

"எல்லாரும் கவனிங்க," என்றார் டீச்சர். "இப்ப நாம லைட்ட போட்டுட்டு, வெளிய போறோம்."

"போட்டுட்டா டீச்சர்?"

"ஆமா. போட்டுட்டு."

"எதுக்கு டீச்சர்?"

"சும்மா."

வகுப்பு திகைத்தது. விளையாட்டு மைதானத்துக்குப் போகும் வரிசை கதவருகில் தேங்கி நின்றது. முதலில் நின்றவள் சுவிட்சைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள். இரண்டாவது ஆள் கையை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு கடந்தான். வரிசை படி இறங்கியதும் டீச்சர் தனியே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பின்னால் கட்டிய கைகளில் ஒன்று அவருக்குத் தெரியாமல் கழன்று, சுவர் வழியே ஊர்ந்து போய், டக்கென்று அணைத்தது.

"டீச்சர்," என்றார் கணக்கு சார்.

"நான் இல்ல சார். கை."

மூன்றாம் நாள் அவர் அதை விட்டுவிட்டார். கை கேட்காததால் மட்டும் இல்லை. "வேணும்னே எரியவிட்டு, அப்புறம் அணைச்சுட்டு, பாருங்க குறைச்சுட்டோம்னு சொல்றதுக்கு என்ன பேரு சார்? பிள்ளைங்க முன்னாடி அத எப்படிச் செய்யறது?" என்றார். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. அறக்கட்டளைக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்தப் பெண் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

கணக்கு சாருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் டீச்சரைச் சீண்டியே பொழுதைப் போக்கியவர் அவர். சீண்டினால் பதிலுக்குச் சீண்டாத டீச்சரைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது. "என்ன டீச்சர், சூரியனை எப்ப அணைக்கப் போறீங்க?" என்று கேட்டுப் பார்த்தார். "அணைச்சுரலாம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

அதிகாரி நல்ல உச்சிவெயிலில் வந்தார். தலைமையாசிரியை பின்னால் விசிறிக்கொண்டே வந்தார். அ பிரிவு எழுந்து வணக்கம் சொன்னது. அதிகாரி சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார், மேலே தகரத்தைப் பார்த்தார், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கூரைக்குப் பெயின்ட் வேண்டும் என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி பிள்ளைங்களா, டீச்சர் சொல்லித்தர்றதுக்கு முன்னாடி நீங்கல்லாம் எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நான்கு மின்விசிறிகள் கடகடவென்று முழு வேகத்தில் சுற்றும் சத்தம். அந்த அறைப் பிள்ளைகளோ மைதானத்தில் இருந்தார்கள்.

கதவோரம் ஒண்டியிருந்த கணக்கு சார் தொண்டையைச் செருமினார். "மேடம், முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு பாக்கணும்னா என்கூட வாங்க. அந்த 'முன்னாடி' நான்தான்."

அழைத்துப் போனார். அவருடைய அறை அன்றைக்கு அவரையே பெருமைப்படுத்தியது. நடுப்பகலில் ஆறு விளக்குகளும் எரிந்தன. வெளிச்சம் வரக்கூடிய ஜன்னல்களையெல்லாம் வாய்பாட்டு அட்டைகள் அடைத்திருந்தன. காலையில் போட்ட ப்ரொஜெக்டர், பார்க்க ஒரு ஜீவன்கூட இல்லாமல் சுவரில் நீலச் சதுரம் காட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு அவர் மேசைமேல் சொந்தமாக ஒரு குட்டி மின்விசிறி. அது தேர்வுத்தாள்களை நோக்கி ஊதியது, தாள்கள் பறக்காதிருக்க அவற்றின்மேல் ஒரு கல்.

அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். "இந்த ரூமும் அதே அளவா?"

"அதே அளவு. அதே கூரை. பிள்ளைங்க ஒண்ணு ரெண்டு கூடக்குறைய இருக்கும்," என்றார் கணக்கு சார். "வாத்தியார்தான் வேற."

தலைமையாசிரியையின் விசிறி நின்றுவிட்டது. தன் பள்ளியின் மானம் போகிறதே என்று அவர் பார்த்த பார்வையைக் கணக்கு சார் மின்விசிறிக் காற்றோடு பறக்கவிட்டார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. முன்பின் அளவு பார்க்க முடியாத இடத்தில், அதே மாதிரியான பக்கத்து அறையோடு ஒப்பிட்டுக்கொள்ள விதியில் இடம் இருக்கிறதாம். இப்படி அச்சில் வார்த்தாற்போல ஒரு பக்கத்து அறை யாருக்கும் இதுவரை வாய்த்ததில்லையாம். இரண்டு அறைகளிலும் இரண்டு வாரம் மீட்டர் ஓடட்டும். ஒரே ஒரு நிபந்தனை. சார் மாறவே கூடாது.

"அந்தக் கவலையே வேண்டாம் மேடம்," என்றார் கணக்கு சார். "என் வீட்டுக்காரி முயற்சி பண்ணியே முடியல."

மீட்டரை அவர் மேசைக்கு எதிரே மாட்டினார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. கணக்கு வாத்தியார் கண்ணெதிரே ஓடுகிற ஓர் எண்ணை வைக்கக்கூடாது. முதல் நாள் அதை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் பாடம் நடத்தும்போதே, ப்ரொஜெக்டர் ஒரு மணிக்கு எவ்வளவு தின்கிறது என்று வாய் ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமுமாக வகுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் தூக்கத்தில், "கடைசி விளக்கு வேஸ்ட்டு," என்று முனகியதாக அவர் மனைவி ஆசிரியர் அறைக்கே போன் போட்டுச் சொன்னார்.

பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. "சார், நம்ம நம்பர் அவங்க நம்பரைவிட ஏழு மடங்கு சார். அசிங்கமா இருக்கு சார்," என்று கடைசி பெஞ்சு எழுந்து நின்றது. இதுவரை எந்தப் பெருக்கலுக்கும் எழுந்திராத பெஞ்சு அது.

அவர் டீச்சரிடம் போனார். "டீச்சர், ஒரே ஒரு லைட்டு. அந்த மூலையில இருக்கறது. அது எரிஞ்சாலும் ஒண்ணுதான், எரியலனாலும் ஒண்ணுதான்."

"கை வச்சீங்கன்னா பாருங்க. எப்பவும் போல இருக்கணும்."

"முடியல டீச்சர். கண்ணு முன்னாடி ஓடுது."

"இத்தன வருஷம் ஓடிச்சுல்ல? இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்."

துள்ளல் திரும்பிவிட்டது. தினமும் காலையில் டீச்சர் ஆ பிரிவு வாசலில் வந்து நின்று, "சார், ப்ரொஜெக்டர் போட மறந்துட்டீங்க," என்று நினைவூட்டுவார். "குட்டி ஃபேன் எங்க சார், ஒளிச்சு வச்சிட்டீங்களா? எடுங்க, எடுங்க." சொல்லிவிட்டு, எரியும் விளக்குகளைப் பார்க்க மனம் தாங்காமல், முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓடுவார். தன் கண்ணிலேயே மிளகாயைத் தேய்த்துக்கொண்டு அடுத்தவருக்கு விருந்து வைப்பதுபோல இருந்தது அது. அ பிரிவுப் பிள்ளைகள் அந்த அறைச் சுவிட்சுக்குக் காவல் போட்டார்கள். இந்த முறை யாரும் அணைத்துவிடக் கூடாதே என்று. ஒருநாள் சார் கதவைத் திறக்கிற சாக்கில் கையை நீட்டியபோது, "சார், அது கதவு இல்ல," என்று ஒரு சின்னக் குரல் அதட்டியது.

இரண்டு வாரத்தின் கடைசி மணி அடித்தது. ஆ பிரிவு மொத்தமும் பெஞ்சுகள்மீது ஏறி இறங்கி சுவிட்சுப் பலகையை நோக்கிப் பாய்ந்தது. அத்தனை கைகளுக்கு நடுவே ஒரு பெரிய கையும் இருந்தது. எல்லாம் அணைந்து, மின்விசிறிகள் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றபோது, மாடி இவ்வளவு அமைதியாகக்கூட இருக்கும் என்று கணக்கு சாருக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது பங்கு வந்தது. பெயின்டர்கள் இருவர் ஏணி போட்டு ஏறினார்கள். வகுப்பு நடக்கும்போது தலைக்கு மேலே அவர்களுடைய காலடி தடதடக்கும்; உருளை தேய்க்கும் ஓசை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகும். டீச்சர் பாடத்தை நிறுத்தி, அண்ணாந்து, "இப்ப மூணாவது பெஞ்சுக்கு மேல இருக்காங்க," என்பார். மூன்றாவது பெஞ்சு எழுந்து நின்று கூரைக்கு வணக்கம் சொல்லும். பெயின்ட் ஓர் அறைக்குத்தான் காணும். கூரையின் ஒரு பாதி துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி ஆனது, மறு பாதி பழைய துருவாகவே கிடந்தது.

அடுத்து வந்த உச்சிவெயிலில் அ பிரிவிலிருந்து ஆரவாரம் கேட்டது. வெப்பமானி இறங்கியிருக்க வேண்டும். கணக்கு சார் போய்ப் பார்க்கவில்லை. வியர்வை சொட்டச் சொட்டப் பின்னத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"சார், வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"இடம் ஏது டீச்சர்?"

"நீங்க எரிச்சது யாருக்காக? வாங்க சார்."

பெஞ்சுக்கு மூன்று பேர் உட்காருகிற இடத்தில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மேசைமேல், ஜன்னல் திட்டில், குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். கரும்பலகையின் ஒரு பாதியில் பின்னம், மறு பாதியில் ஆவியாதல். எந்தப் பாதிக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே எல்லாரும் கத்திப் பதில் சொன்னார்கள். யார் கன்னமும் டெஸ்க்கில் இல்லை. அப்போது யாரோ, "சார், நம்ம கிளாஸ்ல ஃபேன்," என்றார்கள்.

எல்லாம் அப்படியே நின்றது. அடுத்த நொடி கணக்கு சார் ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம். பின்னால் பிள்ளைகள் எழ முடியாமல் சிக்கிக்கொண்டதால் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

விளக்கு, மின்விசிறி, ப்ரொஜெக்டர், குட்டி மின்விசிறி எல்லாம் அணைந்திருந்தன. எல்லாரும் கிளம்பும்போதே டீச்சர் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். சார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே தகரம் வெயிலில் படபடத்தது. ஓடி வந்ததற்கு அணைக்க ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டாமா? அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. ஒரே ஒரு விளக்கைப் போட்டார். ஒரு கணம் அதை ஆசையாகப் பார்த்துவிட்டு, டக்கென்று அணைத்தார்.

"பாத்துட்டேன் சார்," என்றது வாசலிலிருந்து டீச்சரின் குரல்.